வெள்ளைக் கட்டம்

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள்தான் அவளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அரை டீச்சர். பாதி நாள் வருகிறவள், ஐந்தாவது பீரியட் மணி அடித்ததும் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவள், அதனால் அரை. அந்த வாரம் அவள் பின்னம் நடத்திக்கொண்டிருந்தாள். படித்த பாடத்தைப் பிள்ளைகள் உடனுக்குடன் பயன்படுத்துகிறார்களே என்று சந்தோஷப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆறு வருடம் முழு டீச்சராக இருந்தபோது அவளுக்குப் பட்டப்பெயரே கிடையாது. பிள்ளை பெற்றுத் திரும்பி வந்து பாதியான பிறகுதான் அந்தப் பாக்கியம் கிடைத்தது.

பாதி என்பது பேச்சுக்குத்தான். முழுநேர ஆசிரியர்களுக்கு வாரத்துக்கு முப்பது பீரியட். அவளுக்கு இருபத்தைந்து. இருபத்தைந்து எப்படி முப்பதில் பாதியாகும் என்று கணக்கு டீச்சரான அவளுக்கே விளங்கவில்லை. தலைமை ஆசிரியையிடம் கேட்டபோது, "நீங்க மத்தியானம் போயிடறீங்கல்ல, அதான் பாதி," என்று சொல்லிவிட்டார். காலை எட்டரையிலிருந்து பன்னிரண்டு பத்து வரை ஐந்து வகுப்பு, நடுவில் இருபது நிமிட இடைவேளை ஒன்று. மற்றவர்கள் அந்த இருபது நிமிடத்தில் டீ குடித்தார்கள். அவள் வேதியியல் கூடத்துக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, அமிலப் பாட்டில்களுக்கும் உடைந்த தராசுக்கும் நடுவில் உட்கார்ந்து, மகளுக்குப் பால் எடுத்து வைத்தாள். பாட்டிலின் மேல் 'குடிக்கக் கூடாது' என்று சீட்டு ஒட்டினாள். அந்த அறையில் எல்லாப் பாட்டிலிலும் அதே எச்சரிக்கை இருந்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல் அவள் நேரம் அவளுடையது என்று ஒப்பந்தத் தாளில் தெளிவாகவே அச்சாகியிருந்தது. ஆனால் மிச்ச வேலை எல்லாம் 'கொஞ்சம்' என்ற பெயரில் வந்து சேர்ந்தது. கேள்வித்தாளைக் கொஞ்சம் பார்த்துடுங்க. மார்க்கை எல்லாம் கொஞ்சம் ஏத்திடுங்க. கணக்கு மன்றத்தைக் கொஞ்சம் கவனிச்சுக்கோங்க. நோட்டுகள் கட்டுக்கட்டாக வீட்டுக்கு வந்தன. மகளை மடியில் போட்டுக்கொண்டு அவள் திருத்துவாள், பத்து மாதக் குழந்தை தன் பங்குக்கு முனையைக் கடித்துக்கொண்டிருக்கும். ஒருநாள் ஒரு மாணவி எழுந்து நின்று, "டீச்சர், என் நோட்டை யாரோ சாப்பிட்டிருக்காங்க," என்றாள்.

"என் பொண்ணு. சரியான விடை இருக்கற பக்கத்தைத் தொடல பாரு, அந்த மட்டுக்கும் புத்திசாலி," என்று அவள் சொன்னாள். வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். உள்ளுக்குள் அவளுக்கு வெட்கமாக இருந்தது. குழந்தை பிறந்துவிட்டால் புத்தி வேலையில் நிற்காது என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வதை அவள் காதால் கேட்டிருக்கிறாள். அதனால் ஒரு 'கொஞ்சத்தை'யும் மறுக்காமல் தலையாட்டிக்கொண்டிருந்தாள். வருடக் கடைசியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் தாளில் 'ஒத்துழைப்பு' என்று ஒரு பத்தி வேறு இருக்கிறதே.

வீட்டுக்காரருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. ஊரை ஏற்றி இறக்குகிற மனிதர், தன் வீட்டுக்கு எப்போது வருவோம் என்று அவருக்கே தெரியாது. காலையில் குழந்தைக்குத் துணி மாற்றி, பையில் பாட்டில், மாற்றுடை, துண்டு எல்லாம் எடுத்து வைத்து, காப்பகத்தில் கொண்டுபோய் விடுவது அவர் பொறுப்பு. அதை ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் மத்தியானம் ஒரு மணிக்குப் போய் அழைத்து வரச் சொன்னால், "வரலாம்தான். ஆனா அஞ்சாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவுல யாராவது மாட்டிக்கிட்டா, என் பொண்ணைக் கூட்டிட்டு வரேன், அதுவரைக்கும் அப்படியே இருங்கன்னா சொல்ல முடியும்?" என்பார். அவளுக்குக் கோபம் வரும். கோபப்பட அதில் இடம் இல்லாததால் இன்னும் கோபம் வரும்.

ஆக, பன்னிரண்டு பத்துக்கு மணி, பன்னிரண்டு இருபத்தைந்துக்குப் பேருந்து, இருபது நிமிடப் பயணம், இறங்கி நான்கு நிமிட நடை. ஒரு மணிக்குப் பத்து நிமிடம் முன்பாகக் காப்பக வாசலில் நிற்பாள். அந்தப் பேருந்தை விட்டால் அடுத்தது பன்னிரண்டு நாற்பதுக்கு. அதில் போனால் ஒன்று நாலு. அந்த நான்கு நிமிடத்தில்தான் அவள் பிழைப்பே இருந்தது.

காப்பகம் ஒரு பழைய அச்சகக் கட்டடத்தின் கீழ்த்தளம். அதை நடத்திய அம்மாள் முன்பு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர், எல்லாவற்றையும் கடிகாரத்தைப் பார்த்தே செய்கிறவர். காலை நேரத்துக்கு எட்டுக் குழந்தைகள், பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள். ஒரு மணிக்கு அவர்களில் ஒருத்தி வீட்டுக்குப் போய்விடுவாள். அதன்பின் ஒரு குழந்தை கூடுதலாக இருந்தாலும் இருக்கிற ஒருத்திக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. அதனால் அங்கே ஒரு சட்டம். ஒரு மணி தாண்டி வந்தால் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளில், குழந்தையின் பெயருக்கு நேரே ஒரு சிவப்புக் கோடு. ஒரு பருவத்துக்குள் மூன்று கோடு விழுந்தால் இடம் போய்விடும், காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்கு. பட்டியலில் எப்போதும் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அந்த வட்டாரத்தில் ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை அரை நாளுக்குச் சேர்த்துக்கொள்கிற காப்பகம் வேறு இல்லை.

அவளும் நாலு மாதம் அந்தப் பட்டியலில் காத்திருந்தவள்தான். பேறுகால விடுப்பு முடிய ஆறு நாள் இருக்கும்போது, "ஒரு இடம் காலியாச்சு. ஒருத்தருக்கு மூணு கோடு விழுந்துடுச்சு," என்று அந்த அம்மாள் போன் செய்தார். அவள் ஓடிப்போய்ச் சேர்த்தாள். குழந்தைகளின் பைகளை மாட்டச் சுவரில் வரிசையாகக் கொக்கிகள் இருந்தன, ஒவ்வொன்றின் மேலும் கடையில் வாங்கிய படம் ஒன்று. அவள் மகளுக்குக் கிடைத்த கொக்கியின் மேல் மட்டும் கையால் வரைந்த ஆமை ஒன்று இருந்தது. ஓட்டில் கட்டம் கட்டமாகப் பச்சையும் மஞ்சளும் தீட்டி, கழுத்தை நீட்டி, எங்கேயோ அவசரமாகப் போகிற ஆமை. முன்பு இருந்த குழந்தையுடையது. நன்றாக இருக்கிறதே என்று அவள் அதை அப்படியே விட்டுவிட்டாள்.

பள்ளிக்கூடத்துச் சுவரில் இருந்த தாள் இதைவிடப் பெரியது. ஆசிரியர் அறையில், ஒரு கதவளவுக்கு, டைம்டேபிள் சாரின் அட்டவணை. அவர் இயற்பியல் ஆசிரியர், ஆனால் பதினான்கு வருடமாக அந்த அட்டவணையைப் போடுகிறவர் என்பதால் அதுவே பெயராகிவிட்டது. ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு வரிசை, ஒரு நாளைக்கு எட்டுக் கட்டம், வாரத்துக்கு நாற்பது. கட்டத்துக்குள் வகுப்பின் பெயர்: 7-அ, 9-இ. வகுப்பு இல்லாத கட்டம் வெள்ளை. எல்லாம் பென்சிலில். அட்டவணையில் சார் தவிர வேறு யாரும் கை வைக்க மாட்டார்கள். ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பு விழுவதற்கு அவர் 'க்ளாஷ்' என்று பெயர் வைத்திருந்தார். பதினான்கு வருடத்தில் ஒரு க்ளாஷ்கூட வந்ததில்லை என்பது அவருடைய பெருமை. அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் தழுதழுக்கும்.

யாராவது விடுப்பு எடுத்தால் அவர்களுடைய வகுப்புக்கு வேறொருவரை அனுப்ப வேண்டும். அதற்கு அவர் வைத்திருந்த முறை நியாயமானதுதான். அந்த நேரத்தில் கட்டம் வெள்ளையாக இருக்கிறவர்களைப் பார்ப்பார், அவர்களில் யார் வரிசையில் மொத்த வெள்ளை அதிகமோ அவருக்குச் சீட்டு எழுதுவார். அட்டெண்டர் அக்கா சீட்டைக் கொண்டுவந்து நீட்டுவார். வாங்கிக் கையெழுத்துப் போட வேண்டும். சீட்டைத் திருப்பி அனுப்புகிற வழக்கம் அங்கே கிடையாது. அனுப்பினால் அந்தப் பளு பக்கத்தில் இருக்கிற சக ஆசிரியர் தலையில்தானே விழும்.

முழுநேரக்காரர்களின் வரிசையில் பத்து வெள்ளை. அவள் வரிசையில் பதினைந்து. ஆறு, ஏழு, எட்டு மூன்று பீரியடும் ஐந்து நாளும் பளிச்சென்று வெள்ளை. அவள் அந்த நேரம் பள்ளிக்கூடத்திலேயே இல்லை என்று அட்டவணையில் எங்கும் எழுதியிருக்கவில்லை. சாருக்குத் தெரியாதா என்றால், தெரியும். ஆனால் அவர் ஆளைப் பார்ப்பதில்லை, கட்டத்தைப் பார்க்கிறவர். பழக்கதோஷம். ஆகவே மொத்தப் பள்ளிக்கூடத்திலும் சும்மா இருக்கிறவள் யார் என்று கேட்டால், அட்டவணை அவளைத்தான் காட்டியது.

முதல் சீட்டு வந்தபோது அவள் புதிதாகத் திரும்பி வந்திருந்தாள், நல்ல பெயர் எடுக்கும் ஆசையில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். ஆறாவது பீரியட் முடிந்து காப்பகத்துக்குப் போய்ச் சேர ஒன்று இருபது. மகள் பை மாட்டி, காலுறை போட்டு, பார்த்துக்கொள்கிற பெண்ணின் இடுப்பில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழக்கூட இல்லை. அம்மாள் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். இரண்டாவது சீட்டுக்கு அவள் வீட்டுக்காரரைக் கெஞ்சினாள். அவரும் கிளம்பினார். பாதி வழியில் ஒரு மருத்துவமனை லிஃப்ட் நின்றுவிட்டது. இரண்டாவது கோடு.

பருவம் முடிய ஏழு வாரம் இருந்தது. இன்னும் ஒரே ஒரு கோடு. அது விழுந்தால் இடம் போகும், இடம் போனால் வேலை போகும். அவள் கணக்கில் இதற்கு வேறு விடையே இல்லை. தினமும் ஐந்தாவது பீரியடில் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதும்போதும் காது வாசலில்தான் இருந்தது. அட்டெண்டர் அக்கா அந்தப் பக்கம் நடந்தால் சாக்பீஸ் பாதி எண்ணில் நின்றுவிடும். அவர் சும்மா தண்ணீர் பிடிக்கப் போவார். "ஏன் டீச்சர் என்னைப் பார்த்தா பேயைப் பார்த்த மாதிரி முழிக்கறீங்க?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

நான்கு வாரம் அப்படி ஓடியது. ஐந்தாவது வாரத்தில் ஒரு வியாழக்கிழமை, பன்னிரண்டு எட்டுக்கு, அக்கா உண்மையிலேயே வந்தார். கையில் சீட்டு. அறிவியல் டீச்சர் பல்வலி என்று வீட்டுக்குப் போய்விட்டார். ஆறாவது பீரியட், 8-ஆ, அவள் பெயர்.

"கையெழுத்து, டீச்சர்."

"நானே சார்கிட்ட பேசிக்கறேன், அக்கா," என்று அவள் சீட்டை வாங்கிக்கொண்டாள். இப்படி ஒரு பதில் அக்காவுக்குப் புதுசு.

மணி அடித்தது. நோட்டுக் கட்டை ஒரு கையிலும் திருத்தும் சிவப்புப் பேனாவை மறு கையிலும் பிடித்துக்கொண்டு அவள் ஆசிரியர் அறைக்குப் போனாள். டைம்டேபிள் சார் அட்டவணை முன்னால் நின்று பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். மாடியில் 8-ஆ ஆசிரியர் இல்லாத குஷியில் இருந்தது. பெஞ்சுகள் இழுபடும் சத்தம் கேட்டது.

"சார், இதுல என் பேர் போட்டிருக்கீங்க."

"ஆமா. போங்க சீக்கிரம், சத்தம் இங்க வரைக்கும் வருது."

"எனக்கு அஞ்சாவதோட முடிஞ்சது சார். பன்னெண்டு இருபத்தஞ்சு பஸ்ஸைப் பிடிக்கணும்."

"ஒரு பீரியட்தான டீச்சர்."

"அந்த ஒரு பீரியட்தான் சார் பிரச்சனையே."

அவர் அடிக்கோலை எடுத்து அவள் வரிசைக்கு அடியில் வைத்தார். கோபமாக இல்லை, வகுப்பில் ஒரு மந்தமான பையனுக்குப் புரிய வைக்கிற பொறுமையோடு. "இதைப் பாருங்க. பதினஞ்சு வெள்ளை. அடுத்தபடியா இருக்கறவங்களுக்குப் பத்து. பத்து இருக்கறவங்களை நான் அனுப்பினா, பதினஞ்சு இருக்கறவங்க ஏன் போகலன்னு கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

"நான் அந்த நேரம் இங்க இல்லன்னு சொல்லுங்க."

"இங்கதான நிக்கறீங்க."

ஒரு சூடான பதில் அவளுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு பதினாலு.

"எனக்கு ஒண்ணும் உங்க மேல வருத்தம் கிடையாது," என்றார் சார். "போன வருஷம் ஓவிய டீச்சரும் பார்ட் டைம்தான். அவங்களுக்கும் இதே பதினஞ்சு வெள்ளை. இதே மாதிரிதான் சீட்டு போச்சு. ஒரு மணிக்குக் காப்பகம், சிவப்புக் கோடுன்னு என்னவோ சொல்லுவாங்க. ஆனா ஒரு சீட்டைக்கூடத் திருப்பினதில்ல. அவ்வளவு தங்கமானவங்க. என்னமோ, திடீர்னு சொந்தக் காரணம்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க."

அவள் விடுப்பில் இருந்தபோது நடந்தது அது. திரும்பி வந்தபோது ஓவிய டீச்சர் இல்லை, ஏன் என்று அவள் கேட்கவும் இல்லை. இப்போது சிவப்புக் கோடு என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்குக் கொக்கி நினைவுக்கு வந்தது. கையால் வரைந்த ஆமை. ஒருத்தருக்கு மூன்று கோடு விழுந்துவிட்டது என்ற போன். விடுப்பு முடிய ஆறு நாள் இருக்கையில் எவ்வளவு அதிர்ஷ்டம் என்று அவள் ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்த இடம். அந்த மூன்று கோடுகளும் இந்தச் சுவரிலிருந்துதான் போயிருக்கின்றன. ஒரு வருடம் ஆகவில்லை, அதே சீட்டு, அதே ஆறாவது பீரியட், இந்த மனிதருக்கு இன்னமும் எதுவும் தெரியாது. தங்கமானவர் போய்விட்டார் என்று வருத்தப்பட்டுக்கொண்டு பென்சில் சீவுகிறார்.

அவளுக்கு அழுகை வரவில்லை. நல்ல கோபம் வந்தது. நோட்டுக் கட்டை மேஜையில் வைத்தாள். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினாள். தன் வரிசையில் திங்கட்கிழமை ஆறாவது கட்டத்தில் '0-அ' என்று எழுதினாள். ஏழாவதில் எழுதினாள். எட்டாவதில் எழுதினாள். செவ்வாய்க்குப் போனாள்.

"என்ன பண்றீங்க? டீச்சர், அது பேனா."

"வகுப்பு எழுதறேன் சார்."

"பேனாவால யாராவது... அது அழியாதே."

"அழிய வேண்டாம் சார்." புதன். வியாழன்.

"பூஜ்யம்-அன்னு இங்க ஒரு வகுப்பே கிடையாது."

"இருக்கு சார். ஒரே ஒரு மாணவி. வயசு பத்து மாசம். மத்தியானம் ஒரு மணிக்கு வகுப்பு, அதுக்கு நான் ஆறாவது பீரியட்லயே கிளம்பணும். லீவு கிடையாது. டீச்சர் வரலன்னா அனுப்பறதுக்கு வேற ஆளும் கிடையாது. ரெண்டு தடவை லேட்டா போயிட்டேன். இன்னொரு தடவை போனா என் மாணவிக்கு இடம் இல்ல, எனக்கு வேலை இல்ல. ஓவிய டீச்சருக்கும் அதான் சார் நடந்தது. சொந்தக் காரணம் ஒண்ணும் இல்ல."

வெள்ளிக்கிழமை எட்டாவது கட்டத்தை முடித்து மூடியைப் போட்டாள். அறையில் இருந்த இரண்டு மூன்று பேர் டீக் கோப்பையைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார்கள். சாரின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் அந்த வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பழக்கத்தில் விரல் தானாக நகர்ந்தது. கட்டம் கட்டமாக உதட்டுக்குள் எண்ணினார்.

"நாப்பது," என்றார்.

அடிக்கோலைக் கீழே வைத்தார்.

"பதினாலு வருஷத்துல நான் ஒரு ஆளுக்குப் போட்ட அதிகபட்சம் முப்பத்திரண்டு. அதுக்கே அவர் என்கிட்ட ஒரு மாசம் பேசல." மறுபடி ஒருமுறை எண்ணினார். மறுபடி நாற்பதுதான். ஒரு வெள்ளை கிடையாது. "இந்த அட்டவணையில இப்படி ஒரு வரிசை இருந்ததே இல்ல."

மாடியில் ஏதோ விழுந்து உருண்டது. சார் அவள் கையிலிருந்த சீட்டை வாங்கிப் பார்த்தார். "வியாழக்கிழமை ஆறாவதுல உங்களுக்கு வகுப்பு இருக்கு."

"இருக்கு சார்."

"அப்ப 8-ஆ போட முடியாது. க்ளாஷ் ஆகும்." சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு அட்டவணையில் மேலே பார்த்தார். முதல் வரிசை அவருடையது. அதிலும் வியாழன் ஆறாவது கட்டம் வெள்ளை. பதினான்கு வருடத்தில் அவர் அதைப் பார்த்ததே இல்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், பார்க்காத மாதிரி இருந்துவிட்டார், அவ்வளவுதான். ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பினார். "எங்க வீட்டுல ரெண்டு பிள்ளைங்க. எப்ப தூங்கினாங்க, எப்ப எந்திரிச்சாங்க, ஒண்ணும் எனக்குத் தெரியாது. நீங்க கிளம்புங்க, மணி இருபதாச்சு."

காலில் வெந்நீர் கொட்டிக்கொண்டவள் போல அவள் ஓடினாள். பேருந்து கதவு மூடிக்கொண்டிருக்கும்போது ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள். ஓட்டுநர் திட்டினார், அவள் நன்றி சொன்னாள். உட்கார இடம் கிடைத்த பிறகுதான் சாமான் அறையில் பால் பாட்டிலை மறந்துவிட்டு வந்தது தெரிந்தது.

காப்பகத்தில் மணி பன்னிரண்டு ஐம்பத்தொன்று. அம்மாள் கதவைத் திறந்து, கடிகாரத்தைப் பார்த்து, தலையை ஆட்டினார். மகள் அவளைப் பார்த்துக் கையை நீட்டினாள். அவள் தூக்கிக்கொண்டாள். பையை எடுக்கப் போனவள் கொக்கியின் முன்னால் கொஞ்சம் நின்றாள்.

"இந்த ஆமையை வரைஞ்சவங்க யாரும்மா?"

"உங்களுக்கு முன்னாடி இருந்த பையனோட அம்மா. ஓவியம் சொல்லித் தர்றவங்க. மூணாவது கோடு போடும்போது என் கையே வரல, போட்டுத்தான ஆகணும். மறுபடி பேர் குடுத்திருக்காங்க. இப்ப ஒன்பதாவதா இருக்காங்க."

மகள் தூங்கிய பிறகு அவள் போன் செய்தாள். ஓவிய டீச்சருக்கு அவள் குரல் உடனே அடையாளம் தெரிந்தது. எந்தக் கொக்கி என்று அவள் சொல்லி முடிப்பதற்குள், "ஆமை இருக்கா இன்னும்?" என்று கேட்டார்.

"இருக்கு. நான் எடுக்கல." என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. "உங்க இடம்னு எனக்குத் தெரியாது டீச்சர். தெரிஞ்சிருந்தா..."

"தெரிஞ்சிருந்தா என்ன, வேண்டாம்னு சொல்லியிருப்பீங்களா? சொல்லக் கூடாது. விடுங்க. நீங்க எப்படி சீட்டுலேர்ந்து தப்பிச்சீங்க, அதைச் சொல்லுங்க."

அவள் சொன்னாள். பேனா, பூஜ்யம்-அ, நாற்பது, எல்லாம்.

"அந்த அட்டவணைக்கு கோடு போட்டது யாருன்னு நினைக்கறீங்க?" என்றார் ஓவிய டீச்சர். "நான்தான். ஓவியம்தான, கொஞ்சம் அழகாப் போட்டுக் குடுங்கன்னு சார் கேட்டார். மூணு நாள் சாயங்காலம் எங்க அக்கா வீட்டுல குழந்தையை விட்டுட்டு உக்காந்து அத்தனை கட்டத்தையும் நானே போட்டேன். என்னோட வரிசை உட்பட. வெள்ளையை வெள்ளையாவே விட்டேன். அதுல ஏதாவது எழுதலாம்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க."

தலைமை ஆசிரியை மறுநாளே அவளைக் கூப்பிட்டார். அட்டவணையில் பேனாவால் எழுதியது பற்றிப் பத்து நிமிடம் பேசினார். டைம்டேபிள் சார் எட்டிப் பார்த்து, அதை மாற்றினால் க்ளாஷ் வரும் மேடம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. ஒத்துழைப்பு என்ற பத்தியில் 'சுமார்' என்று எழுதியிருந்தது. ஆறு வருடமாக அந்த இடத்தில் 'மிக நன்று' வாங்கியவளுக்கு அது உறுத்தியது, பொய் சொல்வானேன். ஆனால் பருவம் முடியும்வரை மூன்றாவது கோடு விழவில்லை.

பேனா அழியாததால் புதிய பருவத்துக்குப் புதிய அட்டவணை ஏறியது. இந்த முறை கட்டங்கள் கொஞ்சம் கோணலாக இருந்தன. சாரே போட்டிருந்தார். அவள் தன் வரிசையைத் தேடினாள். முதல் ஐந்து கட்டங்களில் வகுப்புகள், பென்சிலில். ஆறு, ஏழு, எட்டில் 0-அ, ஐந்து நாளுக்கும், சாருடைய கையெழுத்தில். அதற்கு அடியில் இன்னொரு வரிசை இருந்தது. பெயர் எழுதும் இடத்தில் 'ஓவியம்' என்று மட்டும். முதல் ஐந்து கட்டமும் காலி. ஆறு, ஏழு, எட்டில் 0-ஆ.

"இது யாரு சார்? ஆள் எடுத்துட்டாங்களா?"

"இல்ல, இனிமேதான். நேத்துதான் விளம்பரம் குடுத்திருக்காங்க." அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "நீங்க யார்கிட்டயாவது சொல்றதா இருந்தா சொல்லுங்க. காலையில என்ன வகுப்புன்னு வந்தப்புறம் பார்த்துக்கலாம். மத்தியானத்தை முதல்லயே போட்டுட்டேன்."

அவள் அந்த மூன்று கட்டங்களையும் கிட்டப் போய்ப் பார்த்தாள். பேனாவால் எழுதியிருந்தார்.